பெயர் ஒருவருக்கு, தொழிற்சாலை ஒருவருக்கு

நடுவர் அவர்களே, வணக்கம். "முதலாளி மாறினால் மாறுவது பெயர்ப்பலகைதான், சொகுசு காரை வாழவைப்பது அதைச் செய்கிற கை" என்றார் எதிரணி நண்பர். வாழவைப்பது புது முதலாளிதான் என்பது என் கட்சி. கைவேலையை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கை 1998-க்கு முன்னாலும் இங்கிலாந்தின் க்ரூ நகரத்தில் இருந்ததே! ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி இரண்டும் அந்த ஒரே தொழிற்சாலையில்தான் பிறந்தன. தோல் தைப்பவர், மரம் இழைப்பவர் எல்லோரும் இருந்தும், அன்றைய உரிமையாளர் விக்கர்ஸ் காலத்தின் கடைசி கார்களுக்கு இன்ஜினையே பிஎம்டபிள்யூவிடம் வாங்க வேண்டியிருந்தது.

1998-ல் ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்டுக்கு க்ரூ தொழிற்சாலையை வாங்கியது. வாங்கிய பிறகுதான் சிக்கல்: ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் விமான இன்ஜின் செய்யும் வேறொரு நிறுவனத்திடம் இருந்தது, அவர்கள் அதை 4 கோடி பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் தொழிற்சாலையும் பென்ட்லியும் ஃபோக்ஸ்வாகனுக்கு, ரோல்ஸ் ராய்ஸ் பெயர் 2003 முதல் பிஎம்டபிள்யூவுக்கு என்று பாகம் பிரிந்தது.

இப்போது பாருங்கள். க்ரூவில் அதே ஊர், அதே ஆட்கள், ஆனால் புது முதலாளியின் பணமும் 12 சிலிண்டர் இன்ஜினும் வந்ததும் கான்டினென்டல் ஜிடி என்ற பென்ட்லி கார் பிறந்தது, ஆண்டுக்கு ஆயிரம் காரைச் சுற்றி நின்ற பென்ட்லி விற்பனை 2004-லேயே ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. சரி, அது பழைய கைகளின் பெருமை என்பீர்கள். அப்படியானால் ரோல்ஸ் ராய்ஸுக்கு என்ன சொல்வீர்கள்? பிஎம்டபிள்யூவுக்குத் தொழிற்சாலையும் கிடைக்கவில்லை, தொழிலாளரும் கிடைக்கவில்லை! இங்கிலாந்தின் குட்வுட்டில் புதிதாகக் கட்டி, புதிதாக ஆள் பழக்கி, 2003 ஜனவரி 1 பிறந்த நள்ளிரவில் முதல் ஃபேன்டம் காரை ஒப்படைத்தார்கள். அந்தக் காரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள், 3 மில்லிமீட்டர் அகலம்தான், அணில் முடித் தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கையாலேயே இழுக்கிறார். அந்தக் கையை அங்கே உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தது யார்? 2023-ல் 6,032 கார் விற்றிருக்கிறார்கள்.

ஸ்வீடனின் சாப் கார் நிறுவனம் கைமாறியும் செத்ததே என்று கேட்டார்கள். உண்மை. 2010-ல் அதை வாங்கிய ஸ்பைக்கர் மிகச் சிறிய நிறுவனம், அடுத்த ஆண்டே திவால். பணமும் பொறுமையும் இல்லாதவர் கையில் போனால் பிழைக்காது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஜாகுவார் லேண்ட் ரோவரைப் பாருங்கள். 2008-ல் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு டாடா வாங்கிய கையோடு உலகமே பொருளாதாரச் சரிவில் விழுந்தது, அந்த நிதியாண்டில் டாடா மோட்டார்ஸுக்கு ரூ. 2,500 கோடிக்கு மேல் நஷ்டம். விற்றுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. ஃபோர்டின் கடைசி நாட்களில் கண்காட்சி மேடையில் மாதிரியாக மட்டும் நின்ற ஒரு சின்ன லேண்ட் ரோவர், 2011-ல் ஹேல்வுட் ஆலையிலிருந்து எவோக் என்று சாலைக்கு வந்தது. வரைந்தவர்கள் பழைய ஆட்களேதான், நண்பரே. அதற்குப் பணத்தைப் போட்டு, நஷ்டத்திலும் கைவிடாமல் நின்றவர் புது முதலாளி. நன்றி.