திரையிடுவதும் பரிந்துரைப்பதும்

நேயர்களுக்கு வணக்கம். ஓர் ஆவணப்படத்தைத் திரையிட அரங்கு தருவது ஒரு செயல். அந்தப் படத்தை ஓர் இயக்கத்தின் பெயரால் மக்களிடம் கொண்டுசெல்வது வேறொரு செயல். நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் இந்த வேறுபாட்டை, தடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தைப் பெண்ணியக் குழுக்கள் தங்கள் பெயரால் பரப்ப வேண்டுமா என்று பிரிட்டனின் பெண்ணியச் செயற்பாட்டாளர்களிடையே எழுந்த ஒரு பிணக்கைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

டெய்ட்ரே ஓ'நீல், மைக் வெய்ன் ஆகிய இருவர் இயக்கிய 'அடல்ட் ஹியூமன் ஃபீமேல்' என்னும் ஆவணப்படம் 2022ஆம் ஆண்டு வெளிவந்தது. பெண் என்பது உடலால் அமைவது, பெண்களுக்கான சட்டப் பாதுகாப்பும் தனி இடங்களும் அந்த அடிப்படையிலேயே நிற்க வேண்டும் என்பது அதன் வாதம். இதையே பாலின விமர்சனப் பெண்ணியம் என்கிறோம். அவ்வாண்டு டிசம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படத்தைக் காட்ட முயன்றபோது எதிர்ப்பாளர்கள் தடுத்தார்கள். 2023 ஏப்ரலில் மீண்டும் முயன்றபோதும் தடுத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில்தான் படம் திரை கண்டது. காட்ட முனைந்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள். அரங்கு தரக்கூடாது என்று கேட்டது அங்குள்ள ஆசிரியர் சங்கக் கிளை. நாள்தோறும் ஒரே வளாகத்தில் பணியாற்றுபவர்கள் இப்படி எதிரெதிரே நின்றார்கள் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். மருத்துவச் சான்று இல்லாமலே, 16 வயது முதல், சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்ள வழிவகுத்த மசோதாவை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது அந்த 2022 டிசம்பரில்தான். அடுத்த மாதமே லண்டனில் உள்ள பிரிட்டன் அரசு அதைத் தடுத்துவிட்டது. ஆகவே திருநர்களுக்கு அந்தப் படம் வெறும் படமாகத் தோன்றவில்லை. தங்கள் வாழ்வின் மீதான தீர்ப்பாகத் தோன்றியது. அவர்களது அச்சத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். ஆயினும், வாயிலை மறிப்பது அந்த அச்சத்துக்கு விடையாகாது என்றே கருதுகிறேன். பார்க்காத படத்தை எவராலும் மறுத்துப் பேச முடியாது.

இதன் மறுபக்கத்தையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். தடுக்கப்பட்ட படம் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பரப்புவதை ஒவ்வொரு பெண்ணியக் குழுவின் கடமையாக்குவது முறையன்று. ஒரு குழு தன் பெயரைக் கொடுத்து ஒரு படத்தைப் பரிந்துரைத்தால், அதன் வாதத்துக்குக் கையொப்பமிட்டதாகவே மக்கள் கொள்வார்கள். எனவே உறுப்பினர்கள் கூடிப் பார்த்து, விவாதித்து, முடிவெடுத்த பிறகே அது நடக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: பரிந்துரைக்க மறுப்பவர் தணிக்கையாளர் அல்லர், பார்க்கச் செல்பவர் வெறுப்பாளரும் அல்லர்.

நேரம் குறைந்துவிட்டதால் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. பாலினம் பற்றிய தன் கருத்துகளால் வேலை போயிற்று என்று மாயா ஃபோர்ஸ்டேட்டர் என்ற பெண் தொடுத்த வழக்கில், 2021இல், அந்தப் படம் முன்வைப்பது போன்ற நம்பிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், திருநர்களைத் துன்புறுத்த அது உரிமம் ஆகாது என்றும் தெளிவுபடுத்தியது. 2025 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது உடலியல் பாலையே குறிக்கும் என்றது. பாகுபாட்டுக்கு எதிராகத் திருநர்களுக்குள்ள பாதுகாப்பு நீடிக்கும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. திரையிடலுக்குப் பிந்தைய கலந்துரையாடலில் இரண்டு தீர்ப்புகளையும் முழுமையாகப் படித்துக் காட்டுங்கள். மாற்றுக் கருத்துடைய திருநர் ஒருவருக்கும் மேடையில் சம நேரம் கொடுங்கள். வணக்கம்.