நாற்றம் என்று சொன்னால் நாற்றம் மட்டும்தானா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். பொதுச் சுகாதாரம் படிக்கிற ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்: "உள்ளூர் சுகாதாரத் துறை சுற்றுச்சூழல் சுகாதாரத் திட்டத்தை மக்களோடு சேர்ந்து போட வேண்டும் என்று பாடத்தில் வருகிறது. மக்களைக் கேட்டால் குப்பை, நாற்றம், புகை என்றுதானே சொல்வார்கள்? கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அவர்களுக்கு எப்படித் தெரியும்? அளக்கத் தெரிந்த துறையே முடிவெடுத்தால் என்ன?"

கொஞ்சம் குறும்பான கேள்விதான். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1987இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு வேலை செய்தது. தன் அலுவலர்கள் 75 பேரை உட்காரவைத்து, 31 பிரச்சினைகளை ஆபத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தச் சொன்னது. அந்த வரிசையைப் பொதுமக்கள் கருத்துக் கணிப்போடு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டவே இல்லை. மக்கள் அதிகம் பயந்தது நச்சுக் கழிவுக் கிடங்குகளுக்கு. நிபுணர்கள் மேலே வைத்தவற்றில் ஒன்று வீட்டுக்குள் இருக்கும் ராடான் வாயு. முகமையின் வேலையும் முன்னுரிமையும் எந்தப் பட்டியல் பக்கம் சாய்ந்திருந்தன தெரியுமா? மக்கள் பட்டியல் பக்கம்தான்! இதை அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது.

ராடானுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மண்ணிலிருந்து கசிந்து வீட்டின் அடித்தளம் வழியாக உள்ளே வரும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு அது காரணம் என்று அதே முகமை மதிப்பிடுகிறது. எந்தக் கூட்டத்திலாவது யாராவது எழுந்து "எங்கள் வீட்டில் ராடான் வாடை அடிக்கிறது" என்று சொல்வார்களா? சொல்ல வழியே இல்லை. இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காகக் குடிநீரை பிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய பொருளைச் சேர்க்கவில்லை. மக்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். நிறம் மாறிவிட்டது, நாறுகிறது, குழந்தைகளுக்குத் தோலில் தடிப்பு வருகிறது என்றார்கள். அதிகாரிகளோ தண்ணீர் பாதுகாப்பானது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலையில் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது, உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று. எஞ்சினுக்குக் கிடைத்த கவனம் ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா இரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்டார். பின்னர் ஆய்விதழில் வந்த கணக்கின்படி, இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்த குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகியிருந்தது. 2015 அக்டோபரிலேயே பழைய நீராதாரத்துக்குத் திரும்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீரில் கலந்த ஈயமும் கண்ணுக்குத் தெரியாது, ருசியும் காட்டாது. மக்கள் முதலில் வந்து "ஈயம்" என்று சொல்லவில்லை. துருவின் நிறத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் இரும்புக் குழாயை அரித்த அதே தண்ணீர்தான் ஈயக் குழாயையும் அரித்தது. ஆகவே "நிறம் மாறிவிட்டது" என்ற பேச்சு துப்பு. அந்தத் துப்பைக் கையில் வாங்கிக்கொண்டு அளவெடுக்கப் போயிருக்க வேண்டியது துறையின் வேலை. நிறத்தை மட்டும்தானே சொல்கிறார்கள் என்று ஒதுக்கினால் துப்பும் சேர்ந்து போய்விடும். உங்கள் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்: எங்கே பார்க்க வேண்டும் என்று மக்களுக்குத் தெரியும், எவ்வளவு இருக்கிறது என்று துறைக்குத் தெரியும். ராடான் மாதிரி மக்களால் சொல்ல முடியாததைத் துறை தானாகவே மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

அப்புறம், நடைமுறையில் எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவில் இதற்காகவே ஒரு வழிமுறை நூல் உண்டு. மாவட்ட, நகரச் சுகாதார அதிகாரிகளின் தேசியச் சங்கமும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. சுருக்கமாக பேஸ்-ஈஎச் என்பார்கள். மொத்தம் 13 படிகள். துறைக்கு இதைச் செய்யத் தெம்பு இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கி, குழு சேர்ப்பது, பிரச்சினைப் பட்டியல் போடுவது என்று போகும். எல்லாவற்றையும் சொன்னால் நீங்கள் வீடியோவை மூடிவிடுவீர்கள். பலர் கோட்டைவிடும் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஆறாவது படி. பட்டியலில் வந்த பிரச்சினையை எடுத்து அதன் வேர்களைப் படமாக வரைவது. "பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அதிகமாக இருக்கிறது" என்று ஒரு தாய் சொல்கிறார் என்று வையுங்கள். எதனால் இழுப்பு வருகிறது? சுவரில் பூஞ்சணம். பூஞ்சணம் எதனால்? கூரை ஒழுகுகிறது, சுவர் ஈரம் காய்வதே இல்லை. ஏன் சரிசெய்யவில்லை? வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையா? சொன்னால் காலிசெய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயம். பாருங்கள், மருத்துவமனையில் தொடங்கிய பேச்சு வாடகைச் சட்டத்தில் வந்து நிற்கிறது. காற்றை அளக்கும் கருவி பூஞ்சண வித்துகளை எண்ணிக் காட்டும். பயத்தை அது எண்ணாது. அந்தக் கடைசிக் கண்ணியை அந்த வீட்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும். அது தெரியாமல் துறை என்ன செய்யும்? பூஞ்சணத்தைத் துடைப்பது எப்படி என்று துண்டறிக்கை அச்சடிக்கும்.

வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் சுகாதாரத் துறை இந்த விஷயத்தை வேறு மாதிரி கையாண்டது. பாதிக்கப்பட்ட அதே சமூகங்களிலிருந்து ஆட்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்பியது. தூசு புகாத மெத்தை உறை, வாக்குவம் கிளீனர் எல்லாம் கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை போன வீடுகளைவிட, ஏழு முறைவரை போன வீடுகளில் பிள்ளைகளை அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது கூடுதலாகக் குறைந்தது. ஏழு முறை ஒரே முகம் வந்தால் நான்காவது முறையாவது மனம் விட்டுப் பேசுவார்கள் இல்லையா? இது என் ஊகம்தான், ஆய்வு சொன்னதில்லை.

இரண்டாவது இடம், பத்தாவது படிக்கும் பதினொன்றாவது படிக்கும் நடுவில். பத்தில் பிரச்சினைகளை ஆபத்தின்படி வரிசைப்படுத்துகிறோம். பதினொன்றில் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிறோம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. ஈயக் குழாய் ஆபத்தில் முதலிடம் பிடிக்கலாம். ஆனால் நகரம் முழுக்கக் குழாய் மாற்ற வருடக்கணக்காகும், பெரும் பணம் வேண்டும். தனியார் கிணறுகளில் நைட்ரேட் பார்ப்பது மூன்றாம் இடத்தில் இருக்கலாம், ஆனால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம். அமெரிக்காவில் பொதுக் குடிநீருக்கான கூட்டாட்சிச் சட்டம் தனியார் கிணறுகளைத் தொடுவதில்லை. வீட்டுக்காரர் தானாகப் பரிசோதித்தால்தான் உண்டு. இரண்டு படிகளையும் ஒன்றாகக் குழப்பினால், முதலிடத்துக்குப் பணம் வரட்டும் என்று காத்திருந்து எதுவும் நடக்காது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை மக்கள் விட்டுவிடுவார்களே என்ற உங்கள் சந்தேகத்துக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. வரிசைப்படுத்துவது கைதூக்கி ஓட்டுப் போடும் வேலை இல்லை. ஒவ்வொரு பிரச்சினைக்கும் அளவுகள், தர வரம்பு, யாருக்குப் பாதிப்பு என்று ஒரு குறிப்பு தயாராகிவிடும். அதைப் படித்த பிறகுதான் மக்கள் வரிசைப்படுத்துவார்கள். ராடானைக் கேள்விப்படாதவர்கூட அந்தக் குறிப்பைப் படித்த பின் கேள்விப்பட்டவர்தானே!

ஒரு எச்சரிக்கை. "மக்கள்" என்று கூட்டத்துக்கு வருவது யார் என்று பாருங்கள். மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு இரவு ஷிப்டுக்காரர் வரமாட்டார். கைக்குழந்தையோடு இருப்பவர் வரமாட்டார். கூட்டம் நடக்கும் மொழி பேசாதவர் வந்தாலும் வாய் திறக்கமாட்டார். நேரம் உள்ளவர்களும் குரல் பெரியவர்களும்தான் வருவார்கள். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தை நடத்திவிட்டு மக்களைக் கேட்டாயிற்று என்று கோப்பை மூடுவதைவிட, கேட்காமலே இருந்திருக்கலாம். சொந்த முடிவு என்றாவது தெரிந்திருக்கும். இதற்கு நீங்கள்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். மொழிபெயர்க்க ஒருவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், இவற்றுக்கான பணத்தைத் திட்டச் செலவிலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று, இது திட்டம் வென்றதா என்று அளக்க அளவுகோல் எழுதப்போகிறவர்களுக்கு. திட்டம் தொடங்கிய முதல் வருடம் புகார்கள் கூடலாம். அதைப் பார்த்து மேலதிகாரி திட்டம் தோற்றுவிட்டது என்று நினைக்கக் கூடும். உண்மையில், இத்தனை நாள் சொல்லாதவர்கள் இப்போது சொல்கிறார்களோ என்னவோ. அதனால் புகாரின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். புகார் வந்து எத்தனை நாளில் ஆள் போனது, போனவர் எதை அளந்தார், அந்த அளவு புகார் சொன்னவருக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்ததா என்பவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கிணற்று நீர் பரிசோதனை பற்றித் தனியாக மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்து எடுத்துக்கொள்கிறேன்.