கல்விக் கடன்: முதல் இ.எம்.ஐ.க்கு முன்பே ஏறி நிற்கும் வட்டி

[திரையில்: அல்சூர் கடைத்தெரு, கல்லூரி விளம்பரப் பலகைகள்]

வணக்கம். பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பி.யு.சி. (பிளஸ் டூ) ரிசல்ட் வந்துவிட்டால் அப்புறம் ஒரே பேச்சுதான்: எந்தக் காலேஜ், எவ்வளவு ஃபீஸ்? பணத்துக்கு என்ன வழி என்று கேட்டால், "லோன் போட்டுக்கலாம், படிச்சு முடிச்சதும் பிள்ளையே கட்டிடும்" என்கிறார்கள். படிக்கும் காலத்தில் அந்தக் கடன் எப்படி வளர்கிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

[திரையில்: 2 லட்சம் × 4 வருடம்]

பொறியியல் படிப்புக்கு வருடம் 2 லட்சம் வீதம் 8 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற 4 வருடமும், முடித்த பிறகு 1 வருடமும் தவணை கட்ட வேண்டாம். இதைத்தான் மாரட்டோரியம் என்கிறார்கள். இதை வட்டி இல்லாத காலம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஃபீஸ் போன நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது.

முதல் 2 லட்சத்துக்கு 5 வருட வட்டி 1 லட்சம். இரண்டாம் வருடப் பணத்துக்கு 80,000. அடுத்தது 60,000, கடைசியாக 40,000. ஆக 2,80,000. தவணை தொடங்கும் நாளில் இது அசலோடு சேர்ந்துவிடும். கடன் இப்போது 10,80,000 ரூபாய். அதன்பிறகு வட்டிக்கும் வட்டிதான்.

10 வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 14,270 ரூபாய், மொத்தம் 17 லட்சத்துக்கு மேல். 15 வருடம் என்றால் மாதத் தவணை 11,600-க்கு இறங்கும், ஆனால் மொத்தம் 21 லட்சத்தை நெருங்கிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை பெங்களூர் வாடகையும் கொடுத்துவிட்டு இதைக் கட்ட வேண்டும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

[திரையில்: மாத வட்டி 1,667]

வழி இருக்கிறது. படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடலாம். முதல் வருடம் மாதம் 1,667 ரூபாய் வரும். கடன் கூடக் கூட அதுவும் கூடி, நான்காம் வருடம் 6,667 ஆகும். படிப்பு முடிந்த பிறகு வரும் அந்த 1 வருடமும் சேர்த்து முழுக்கக் கட்ட முடிந்தால் பின்னால் இ.எம்.ஐ. சுமார் 10,570 தான். 10 வருடக் கணக்கில் 1,60,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

[திரையில்: சி.இ.டி., காமெட்-கே, மேனேஜ்மென்ட்]

சரி, கடனே குறைவாக வாங்க முடியுமா? ஒரே காலேஜ், ஒரே வகுப்பு, ஆனால் அரசின் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.யா, தனியார் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வான காமெட்-கேயா, நிர்வாகமே தரும் மேனேஜ்மென்ட் சீட்டா, எந்த வழியில் சீட் வாங்கினோம் என்பதைப் பொறுத்து ஃபீஸ் மாறும். பொதுவாக சி.இ.டி. சீட்டுக்குத்தான் ஃபீஸ் குறைவு. வீட்டில் தமிழ் பேசுகிறோம், நமக்கு அது கிடைக்காது என்று ஒதுங்க வேண்டாம். கர்நாடகத்தில் 7 வருடம் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யையோ இரண்டாம் பி.யு.சி.யையோ இங்கேயே தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். மேனேஜ்மென்ட் சீட்டுக்காக ரசீது இல்லாமல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1984-லேயே கர்நாடகம் நன்கொடை வசூலைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டது. ரசீது இல்லாத அந்தப் பணத்துக்கு வங்கிக் கடனும் கிடைக்காது. கந்து வட்டிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அரசு உதவியும் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், அரசுப் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு மாரட்டோரியக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. இந்த மானியம் வருடத்துக்கு 1 லட்சம் மாணவர்களுக்குத்தான் என்பதால் தாமதிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ கடனில் கோ-அப்ளிகன்ட்டாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்குப் பெயருக்கு ஒரு சாட்சி என்று அர்த்தமில்லை, அவர்களும் கடனாளிகள்தான். தவணை 90 நாளுக்கு மேல் தவறினால் வாராக் கடனாகி, பிள்ளை, பெற்றோர் இருவரின் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடிபடும். வேலை கிடைக்கத் தாமதமானால் வங்கியிலிருந்து போன் வரும்வரை காத்திருக்காதீர்கள். தவணை தொடங்கும் தேதிக்கு முன்பே கிளைக்குப் போய், இன்னும் அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.