குளிர் நாட்டில் அத்தியும் வாழையும்

வணக்கம். குளிர்காலத்துக்கு முன் வீட்டுத் தோட்டத்தில் என்ன செய்யலாம் என்று பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். எல்லாச் செடிகளையும் பற்றிப் பேச நேரம் போதாது. ரொறன்ரோக் குளிரைத் தாங்குமா, தாங்காதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத சில மரங்கள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

நாற்று வாங்கும்போது அட்டையில் ஒரு வலய எண் இருக்கும். அந்தச் செடி எவ்வளவு குளிரான ஊர் வரை தாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. அமெரிக்க வலய எண் ஒரே கணக்கைத்தான் பார்க்கிறது: ஓர் ஊரில் ஆண்டுதோறும் பதிவாகும் ஆகக் குறைந்த வெப்பநிலையின் சராசரி. கனடாவின் வலய வரைபடம் 7 விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. பனி எவ்வளவு ஆழம் கிடக்கிறது, காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது, ஜனவரியில் எவ்வளவு மழை பெய்கிறது என்பதெல்லாம் அதில் வரும். நம் தோட்டத்துக்கு இந்தக் கணக்குத்தான் பொருத்தம் என்பேன். இப்படிப்பட்ட செடிகள் கடுங்குளிரால் மட்டும் சாவதில்லை. வேரடியில் தேங்கும் ஈரம், நிலம் உறைந்து கிடக்கும்போது கிளையை உலர்த்தும் காற்று, மார்ச்சில் நாலு நாள் வெயில் அடித்துவிட்டு மறுபடி உறைவது, இவைதான் பல செடிகளை முடித்துவிடுகின்றன. விழுந்து கிடக்கும் பனி அதற்கு மாறாக வேரைக் காக்கிறது. அதை வழித்துத் துப்புரவாக்க வேண்டாம்.

அத்தி மரத்தை எடுத்துக்கொள்வோம். இந்த நகரத்துக்கு அதைக் கொண்டுவந்து வளர்த்துக் காட்டியவர்கள் இத்தாலியக் குடும்பங்களும் போர்த்துக்கேயக் குடும்பங்களும். அவர்கள் மரத்தைப் புதைக்கிறார்கள். ஆமாம், முழு மரத்தையும். நவம்பரில் இலை உதிர்ந்ததும் கிளைகளைக் கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். ஒரு பக்கத்து வேர்களை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, எதிர்ப் பக்கத்தில் மரத்தின் நீளத்துக்குக் கிடங்கு தோண்டுவார்கள். பிறகு மெல்ல மெல்லச் சாய்ப்பார்கள். வெட்டாத வேர்கள் கதவின் கீல் மாதிரி வளைந்து கொடுக்கும். மேலே பலகை, சருகு, அதற்கு மேல் மண். ஏப்ரல் நடுவில் தோண்டி நிமிர்த்துவார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? அடியோடு பட்டுப்போனாலும் அத்தி வேரிலிருந்து துளிர்க்கும், அந்தப் புதுத் தண்டிலேயே காயும் பிடிக்கும். ஆனால் நம் கோடை குறுகியது. காய் பழுக்கும் முன் ஒக்ரோபர் வந்துவிடும். பழைய தண்டைக் காப்பாற்றினால்தான் பழம் வாய்க்கு எட்டும். புதைக்க இடமோ உடல் வலுவோ இல்லாதவர்கள் பெரிய சாடியில் வளர்த்து, சூடாக்காத கராஜுக்குள் வைக்கலாம். இலையில்லாமல் உறங்கும் மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. மண் முற்றாகக் காயாமல் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும்.

வாழைக்கு வருகிறேன். ஜப்பானிய வாழை என்று விற்கிறார்கள், தாவரவியலில் மூசா பாஸ்ஜூ (Musa basjoo). 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானியக் கவிஞர் பாஷோ தன் குடிசை வாசலில் நின்ற இந்த வாழையின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். பழம் சாப்பிட ஆகாது, உள்ளே விதைதான். ஆனால் பின்வளவில் ஒரு வாழையிலை காற்றில் ஆடுவதைப் பார்ப்பதற்காகவே வளர்க்கலாம். முதல் உறைபனியில் இலை கருகியதும் தண்டை இடுப்பளவுக்கு வெட்டுங்கள். சுற்றிக் கம்பிவலை அடித்து, உள்ளே காய்ந்த சருகை நெருக்கமாக நிரப்புங்கள். மேலே மழை இறங்காதபடி மூடுங்கள். நனைந்த சருகு கிழங்கை அழுக வைத்துவிடும். தெற்கு நோக்கிய செங்கல் சுவரோரம் நட்டால் இன்னும் நல்லது. பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடும் சுவர் அது.

கறிவேப்பிலையை இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். அது விளிம்பில் நிற்கும் செடி இல்லை, உறைபனி பட்டால் போய்விடும். செப்டெம்பர் முடிவதற்குள் வீட்டுக்குள் எடுங்கள், குளிர்காலம் முழுக்கத் தண்ணீரைக் குறையுங்கள்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒரு மரம்: பாவ்பாவ். நாம் சாப்பிடும் பப்பாசி அல்ல, இது சீத்தாப்பழக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை வெப்ப நாட்டு மரங்கள். இது மட்டும் தெற்கு ஒன்ராறியோவின் காடுகளில் தானாகவே வளர்கிறது. பழத்தின் சதை கஸ்டர்ட் போல மென்மையாக இருக்கும். மூடவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரே மரத்தின் மகரந்தத்தில் பொதுவாகக் காய் பிடிக்காது. அதனால் ஒட்டு நாற்று வாங்குவதென்றால் வெவ்வேறு வகையில் இரண்டு வாங்குங்கள். ஆணிவேர் அறுந்தால் தாங்காது என்பதால் காட்டிலிருந்து பிடுங்கிவராமல் சாடியில் வளர்ந்த நாற்றாகவே கேளுங்கள். இளங்கன்றுக்கு முதல் ஓரிரு கோடையில் நிழல் கொடுங்கள். நடுவதற்கு வசந்தகாலமே ஏற்றது.

நன்றி, வணக்கம்.