அர்த்தமில்லாத வசனத்தை எதற்கு எழுத வேண்டும்?

அடுத்த கேள்வி. "அபத்த நாடகங்களில், அதாவது வாழ்வின் பொருளின்மையைக் காட்டும் நாடகங்களில், பேசுவதற்கெல்லாம் பொருள் கிடையாது என்கிறீர்கள். அப்படியென்றால் வாய்க்கு வந்ததை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

சரி, எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கம் தாண்டாது. வெறும் உளறல் சீக்கிரமே சலித்துவிடும். கவிஞர் டிரிஸ்டன் ஜாரா 1921இல் கண், வாய், மூக்கையெல்லாம் பாத்திரங்களாக்கி ஒரு நாடகம் எழுதினார். வரலாற்றில் அதற்கு இடம் உண்டுதான். எனக்குப் பாதியிலேயே அலுத்துப்போனது.

ஆனால் அபத்த நாடகாசிரியர் இயொனெஸ்கோவின் 'வழுக்கைத்தலைப் பாடகி'யைப் பாருங்கள். 1950இல் பாரிஸில் மேடையேறியது. அவர் ஆங்கிலம் கற்க வைத்திருந்த பாடப்புத்தகத்தின் உரையாடல்களிலிருந்து பிறந்த நாடகம். அதில் மார்ட்டின் என்ற ஆணும் பெண்ணும் முன்பின் தெரியாதவர்கள்போலப் பேசத் தொடங்குகிறார்கள். இருவரும் வந்தது ஒரே ரயில், ஒரே பெட்டி. குடியிருப்பது ஒரே வீடு, படுப்பது ஒரே கட்டில். இருவருக்கும் ஒரு கண் வெள்ளை, ஒரு கண் சிவப்பாக ஒரு மகள். ஆகவே நாம் கணவன் மனைவி என்று முடிவுகட்டித் தழுவிக்கொள்கிறார்கள். அப்புறம் வேலைக்காரப் பெண் வந்து நம்மிடம் சொல்கிறாள்: அவர் மகளுக்கு வலக்கண் வெள்ளை, இவள் மகளுக்கு வலக்கண் சிவப்பு. போச்சு, அத்தனை நிரூபணமும் சரிந்தது!

இதில் புரியாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இலக்கணம் சுத்தம், தர்க்கமும் படிப்படியாகத்தான் போகிறது. கூடவே வாழ்ந்தவரை அடையாளம் காண சாட்சியம் அடுக்க வேண்டியிருக்கிறதே, அபத்தம் அங்கே இருக்கிறது. வரிசையை மாற்றினால் காட்சி செத்துவிடும்.

பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் லக்கி என்ற பாத்திரம் மூச்சுவிடாமல் பேசுவது இன்னும் கடினமான வகை. கடவுளைப் பற்றிய ஆய்வுரைபோலத் தொடங்கி, தேய்ந்துபோகும் மனிதனுக்கு வந்து, கல்லும் மண்டையோடுமாகச் சிதறுகிறது. தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கினால்தான் வாய் மூடுகிறது. 1975இல் பெர்லினில் தானே இயக்கியபோது பெக்கெட் ஒத்திகையை இந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்கினார். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து நடிகருக்கு விளக்கினார். வாய்க்கு வந்ததை எழுதியவர் அப்படிப் பிரித்துக்காட்ட முடியுமா?

நண்பரே, லக்கியின் அந்தப் பேச்சை மனதுக்குள் படிக்காமல் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே மூச்சு முட்டுகிறது என்று கவனித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.