கடலை வண்டி வராத மைதானம்

(மதுரையில் ஒரு கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பரிசு கொடுக்கிற மேடையில் குறை பேசக் கூடாது என்பார்கள். முன்னால் போட்ட நாற்காலியில் பாதி காலியாகக் கிடக்கிறதே, வேறு எதைப் பேச?

நேற்று அரையிறுதியின்போது கோட்டுக்கு வெளியே நின்றவர்களை எண்ணினேன். 62 பேர். அதில் மாற்று ஆட்டக்காரர்கள், ஆம்புலன்ஸ் டிரைவர், மகனைக் கூட்டிப்போக வந்து வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாமார் எல்லாரையும் கழித்தால் 30 தேறாது.

என் சின்ன வயதில் அரசரடிப் பக்கம் மேட்ச் என்றால் கூட்டத்துக்கு முன்னால் கடலை வண்டி வந்துவிடும். 4 மணி ஆட்டத்துக்கு 3 மணிக்கே வாணலியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்று நடத்துகிறவர்களைக் கேட்க வேண்டாம். எத்தனை பொட்டலம் மடித்தார் என்று கடலை வண்டிக்காரரைக் கேட்டால் போதும். மைதானத்தை விட்டு முதலில் போனவரும் அவர்தான். வியாபாரிக்குத் தெரிந்தது நமக்கு உறைக்கவில்லை.

டிவிதான் கெடுத்தது என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1986-இல் மரடோனா ஆட்டத்தைத் தூர்தர்ஷனில் பார்த்துவிட்டு மறுநாள் நாங்கள் ஓடியது மைதானத்துக்குத்தான். கெடுத்தது நேரம். ஸ்பெயின் லீக்கில் சனிக்கிழமை கடைசி ஆட்டம், அங்கே குளிர்காலம் என்றால், நமக்கு இரவு 1.30-க்குத் தொடங்குகிறது. அதைப் பார்க்கிற பையன் படுக்கும்போது பால்காரர் வந்துவிடுவார். நாம் ஞாயிறு காலை 7 மணிக்கு மேட்ச் வைக்கிறோம்! விளையாட ஆசை உள்ளவனோ வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் மைதானத்துக்கு, அந்த டர்ஃபுக்குப் போய்விடுகிறான். மணிக்கணக்கில் காசு கொடுத்து, ராத்திரி விளக்கில், அவனே ஆடுகிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

மதுரைக்காரன் சோம்பேறியும் இல்லை. அலங்காநல்லூரில் விடியும் முன்பே போய் இடம் பிடிக்கிறவன் அவன். அங்கே வாடிவாசலைவிட நான் கவனிப்பது மைக்கை. ஒவ்வொரு மாடு வரும்போதும் யார் மாடு, எந்த ஊர் மாடு என்று சொல்கிறார்கள். பேரைக் கேட்டதும் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஓர் ஊரே விசிலடிக்கிறது. நம் மேட்ச்சில்? கோல் போட்ட பையன் பேர் அவன் கோச்சைத் தவிர யாருக்கும் தெரியாது. முன்பு தெரு டீம் ஆடியது, தெருவே வந்தது. இப்போது அகாடமி டீம். ஒருவன் திருநகர், ஒருவன் கே.கே. நகர், ஒருவன் மேலூர். எந்தத் தெரு வரும்?

2018-இல் மும்பையில் இந்தியா, சீன தைபேயோடு (தைவான் அணிதான்) ஆடியபோது வந்தவர்கள் 2,569 பேர். இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரி அன்று 3 கோல் அடித்தார். அப்புறம் ஒரு வீடியோவில், திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். அடுத்து கென்யாவோடு நடந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. நாம் யாரைக் கூப்பிட்டோம்? முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் அட்டவணை போட்டோம், அதுவும் டீம் மேனேஜர்களுக்கு மட்டும்.

நான் இருந்த குழு ஒன்றில் ஒரு காலிறுதியைச் சத்தமில்லாமல் தள்ளிவைத்தோம். திருமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர் பேரனோடு பஸ் ஏறி வந்திருந்தார். “மேட்ச் இல்லையாப்பா?” என்றார். நாளைக்கு என்றேன். பேரன் அந்த வெறும் கோல் போஸ்ட்டுக்குள் ஒருமுறை ஓடிவிட்டு வந்தான். கிளம்பிப் போய்விட்டார்கள். மறுநாள் வரவில்லை.

சரி, அடுத்த மாதப் போட்டிக்கு மாலை 4.30 மணி என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு நாள் முன்னாலேயே ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லப் போகிறோம். ஆடுகிற பையன்கள் பேரோடு, தெருப் பேரோடு. கடலை வண்டிக்காரரையும் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். இப்போது அவர் மகன்தான் வண்டி தள்ளுகிறார்.

“மொத நாள் நீங்க நடத்துங்கண்ணே. கூட்டத்தப் பாத்துட்டு ரெண்டாம் நாள் வர்றேன்” என்றார்.