ஃபிரிட்ஜும் புத்தக அலமாரியும்

(பாஸ்டனுக்கு அருகே, வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இப்போதுதான் பிள்ளைகள் வரிசையாக வந்து குறள் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த பாப்பா பாதியில் மறந்துபோய், அம்மா கீழேயிருந்து வாயசைக்க, அதைப் பார்த்தே முடித்துவிட்டாள். நான் பேச வந்த விஷயமும் அதுதான். அந்த அம்மாவின் வாயும் அந்தப் பிள்ளையின் கண்ணும்.

நான் குழந்தைகள் மருத்துவர். அரசு காப்பீட்டில் வரும் குடும்பங்களே அதிகமாக இருக்கும் ஒரு மருத்துவ மையத்தில் வேலை பார்க்கிறேன். என் அறைக்கு வெளியே நடைவழியில் இரண்டு பெட்டிகள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று தடுப்பூசி ஃபிரிட்ஜ். இன்னொன்று புத்தக அலமாரி. ஒரே குழந்தைக்கு, ஒரே நாளில், ஒரே அறையில் இரண்டிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறோம். ஃபிரிட்ஜ் காலியாகி நான் பார்த்ததில்லை. அலமாரி காலியாகிப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த அறைக்குள் உங்களை அழைத்துப் போகிறேன்.

ஆறு மாதக் குழந்தை. அம்மாவும், ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஆச்சியும் கூட வந்திருந்தார்கள். ஆச்சி மடியில் குழந்தை. நான் உள்ளே போனதும் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதில்லை. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் குழந்தையிடம் நீட்டுவேன். கடைசியில் டாட்டா சொல்லும்போது கையில் திணித்தால் அது வெறும் அன்பளிப்பாகப் போய்விடும். முதலிலேயே நீட்டினால் அது பரிசோதனை. கை எட்டி வாங்குகிறதா, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறதா, முதுகு நிமிர்ந்து நிற்கிறதா, படத்தைப் பார்த்துவிட்டு யார் முகத்தைத் தேடுகிறது. அரை நிமிடத்தில் நான் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதியைக் குழந்தை எனக்குச் சொல்லிவிடும்.

அந்தக் குழந்தை வாங்கியது. ஆறு மாதக் குழந்தை என்ன செய்யுமோ அதையே செய்தது. புத்தகத்தின் மூலையை நேரே வாய்க்குள் வைத்துக் கடித்தது.

ஆச்சி பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். "புத்தகத்த வாயில வைக்கப்பிடாது, சரஸ்வதில்லா" என்று சொல்லி, அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பத்திரமாக மேசை மேல் வைத்துவிட்டார். குழந்தை வீறிட்டது.

எனக்கு அந்தப் பதற்றம் நன்றாகப் புரிந்தது. கால் பட்டால் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவள்தானே நானும். ஆனால் அந்த மரியாதையே பல வீடுகளில் புத்தகத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஏற்றி வைத்துவிடுகிறது. "கடிக்கட்டும் ஆச்சி, கடிக்கத்தான் அட்டை இவ்வளவு கெட்டி. இந்த வயசுக்கு வாய்தான் கண்ணு" என்றேன். தயங்கித் தயங்கித் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "எனக்கு இங்கிலீசு எழுத்து தெரியாதேம்மா, என்னத்தப் படிக்க?" என்றார். படம் தெரியுதுல்ல, அதைச் சொல்லுங்கள் என்றேன். வாத்து இருந்த பக்கத்தை விரித்து, "இந்தா பாரு, தாராவு. நம்ம குளத்துல நிக்குமே" என்று ஆரம்பித்தார். குழந்தை வாத்தைப் பார்க்கவேயில்லை, ஆச்சியின் வாயைப் பார்த்தது. அழுகை நின்றுவிட்டது.

வாசிப்பு தொடங்குவது அந்த இடத்தில்தான். எழுத்து அதற்கு வெகு காலம் கழித்து வரும்.

இந்த வேலைக்கு இந்த நாட்டில் ரீச் அவுட் அண்ட் ரீட் என்று பெயர். பிறந்த இடம் நம் ஊர்தான். 1989-இல் பாஸ்டன் சிட்டி ஹாஸ்பிடலில் பாரி சக்கர்மன், ராபர்ட் நீடில்மன் என்ற இரண்டு மருத்துவர்களும், காத்லீன் ஃபிட்ஜெரால்டு ரைஸ் என்ற குழந்தைக் கல்வியாளரும் சேர்ந்து தொடங்கினார்கள். காத்திருப்பு அறையில் போட்டு வைத்த புத்தகங்கள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன என்று அந்த ஆரம்ப நாட்களைப் பற்றிச் சொல்வார்கள். திருட்டு என்று பூட்டிப் போட்டிருக்கலாம். வீட்டில் புத்தகம் இல்லாததால் எடுத்துப் போகிறார்கள் என்று இவர்கள் புரிந்துகொண்டார்கள். கொடுத்தே அனுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். ஆறு மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை, நலப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் ஒரு புத்தகம், அதோடு எப்படிப் படிப்பது என்று இரண்டு வார்த்தை. இப்போது பல இடங்களில் பிறந்த கையோடே தொடங்குகிறோம். 50 மாநிலங்களிலும் இது நடக்கிறது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். நீடில்மன் குழுவின் முதல் ஆய்வு 1991-இல் வந்தது. புத்தகம் பெற்ற பெற்றோர், குழந்தையோடு புத்தகம் பார்ப்பதாகச் சொல்வதற்கான வாய்ப்பு மற்றவர்களை விட நான்கு மடங்கு இருந்தது. சிறிய ஆய்வுதான். அதன் பிறகு ரோட் ஐலண்டிலும் நியூயார்க்கிலும் நடந்த ஆய்வுகளில் குழந்தைகளின் மொழி வளர்ச்சியிலேயே வித்தியாசம் தெரிந்தது. 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பச்சிளம் பருவத்திலிருந்தே வாசிப்பை ஊக்குவிப்பது அடிப்படைக் குழந்தை மருத்துவத்தின் ஒரு பகுதி என்று கொள்கை அறிக்கையாகவே வெளியிட்டது. 2024-இல் அதைப் புதுப்பித்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை நாலு வயதுக்குள் மூன்று கோடி வார்த்தை குறைவாகக் கேட்கிறது என்று ஒரு கணக்கு மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. 42 குடும்பங்களை மட்டும் பார்த்துப் பெருக்கிச் சொன்ன கணக்கு அது. பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் பார்த்தபோது அப்படியே பொருந்தவில்லை. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. என்னிடம் வரும் தாய்மார்கள் பேசாதவர்கள் இல்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அவர்களிடம் குறை கண்டுபிடித்துப் புத்தகம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

அந்த ஃபிரிட்ஜ் ஏன் எப்போதும் நிறைந்திருக்கிறது? அதற்கு ஒரு சோகமான வரலாறு உண்டு. அதே 1989-இல் தொடங்கி 1991 வரை இந்த நாட்டில் தட்டம்மை பரவியது. 55,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரித்துப் பார்த்தால், நோய் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊசியே போடாதவர்கள். அவர்களில் பலர் மருத்துவரிடம் வந்து போனவர்கள்! ஊசி போடும் வாசல் வரை வந்த பிள்ளை ஊசி இல்லாமல் திரும்பியிருக்கிறது. அதைத் தாங்க முடியாமல்தான் 1993-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 1994 முதல், மெடிக்கெய்டு என்ற, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு காப்பீட்டில் உள்ள பிள்ளைக்கும் காப்பீடே இல்லாத பிள்ளைக்கும் தடுப்பூசியை மத்திய அரசே வாங்கிக் கொடுக்கிறது. தகுதி இருந்தால் ஊசி உண்டு. இந்த வருடம் நிதி தீர்ந்தது, அடுத்த வருடம் வா என்று யாரும் சொல்ல முடியாது. அது அந்தப் பிள்ளையின் உரிமை.

எதிரே நிற்கும் அலமாரிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 2000-க்குப் பிறகு பல ஆண்டுகள், காங்கிரஸ் எனப்படும் இந்த நாட்டு நாடாளுமன்றம் மத்திய பட்ஜெட்டில் இதற்கென்று பெயர் குறிப்பிட்டு ஒரு தொகை ஒதுக்கி வந்தது. 2011 மார்ச்சில், அரசு செலவுக் கணக்கை இரண்டு வாரத்துக்கு நீட்டிக்க ஒரு சட்டம் போட்டார்கள். பெயர் சொல்லி ஒதுக்கிய பல தொகைகள் அதில் வெட்டுப்பட்டன. இதுவும் போயிற்று. திட்டம் சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒதுக்கிய முறை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் நான் பயிற்சியில் இருந்த மருத்துவமனையில் அலமாரி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அடித்தட்டில் நாலு வயதுக்கான புத்தகங்கள் கொஞ்சம். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. காலையில் நர்ஸ் வந்து எண்ணிவிட்டு, "இன்னைக்கு ஏழுதான் இருக்கு டாக்டர், பார்த்துக் கொடுங்க" என்பார். அன்று வரப்போவது இருபது பிள்ளைகள். பார்த்துக் கொடுப்பது என்றால் எப்படி? சட்டை கிழிந்தவனுக்கா, அக்கா தங்கைகள் உள்ளவளுக்கா? போன முறை வாங்கிய பிள்ளை உள்ளே வந்ததும் என் கையைப் பார்த்தது. பிறகு என் பையைப் பார்த்தது. மூன்று வயதுப் பிள்ளையிடம் மத்திய பட்ஜெட்டை விளக்க முடியாது. ஊசி மட்டும் குறைவில்லாமல் இருந்தது. அன்று அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது அழுகை மட்டும்தான்.

இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் இதே கதை நடந்தது. அங்கே புக்ஸ்டார்ட் என்ற திட்டம் 1992-இல் பர்மிங்காமில் 300 குழந்தைகளோடு தொடங்கி, வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியர் கையால் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. 2010 கிறிஸ்துமஸ் சமயத்தில் அரசு நிதியை முழுவதும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். எழுத்தாளர்களும் பெற்றோரும் கொதித்து எழ, சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கேட்க ஆள் இருந்தால் பணம் திரும்பி வரும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி நம் மாநிலம். மாசசூசெட்ஸ் பட்ஜெட்டில் 3000-7070 என்ற எண்ணில் ஒரு செலவு ஒதுக்கீடு இருக்கிறது. ரீச் அவுட் அண்ட் ரீட் பெயரிலேயே உள்ள ஒதுக்கீடு. சமீப ஆண்டுகளில் பெரும்பாலும் 10 லட்சம் டாலர் அளவில் நின்றிருக்கிறது. இங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சுமார் மூன்றரை லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு மூன்று டாலர்கூட வரவில்லை. வெளியே நாம் விற்கும் மசால் வடைத் தட்டு அதைவிட விலை அதிகம். இருந்தாலும் அந்த ஒதுக்கீடு இருப்பதே பெரிது. பல மாநிலங்களில் அதுவும் இல்லை. எல்லா வருடமும் அது தானாக வந்துவிடுவதும் இல்லை.

இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு அதில்தான் நம்பிக்கை. குழந்தைகள் நலக் காப்பீட்டுத் திட்டம், சிப் என்கிறோமே, 1997-இல் வந்தது, அதில் ஒரு சிறு கதவு உண்டு. நிர்வாகச் செலவுக்கென உள்ள 10 சதவீத உச்சவரம்புக்குள், பிள்ளைகளின் ஆரோக்கியத்தை உயர்த்தும் வேறு திட்டங்களுக்கும் மாநிலம் செலவழிக்கலாம். அதில் பெரும் பங்கை மத்திய அரசு திருப்பித் தரும். ஓக்லஹோமா மாநிலம் அந்தக் கதவு வழியாக இந்தப் புத்தகங்களுக்குப் பணம் கொண்டுவந்தது. புத்தகச் செலவு கல்விக் கணக்கிலிருந்து மருத்துவக் கணக்குக்கு இடம் மாறுகிறது, பார்த்தீர்களா? ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இந்த நாட்டில் பத்துப் பிரசவத்தில் நாலுக்குச் செலவு செய்வது மெடிக்கெய்டு. பிறந்த நாளிலிருந்து அரசு அந்தப் பிள்ளைகளுக்குப் பரிசோதனைக் கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதே பரிசோதனையில் கொடுக்கும் புத்தகத்தை மட்டும் யாரோ நன்கொடை தர வேண்டும் என்று விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நூலகம் இலவசமாக இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நூலகம் எனக்கு உயிர். ஆனால் இரவு ஷிப்டில் சுத்தம் செய்துவிட்டுக் காலையில் தூங்கும் அம்மா, கார் இல்லாமல் இரண்டு பஸ் மாறி அங்கே போக மாட்டார். ஊசிக்காக என்னிடம் வந்துவிடுவார். ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் நுழையும் கதவு எங்கள் கதவு ஒன்றுதான்.

இங்கே இருக்கும் அம்மா அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. "டாக்டர், என் இங்கிலீஷ் சரியில்லை, நான் படித்தால் பிள்ளைக்கும் அப்படியே ஒட்டிக்கொள்ளுமோ?" என்று வருடத்தில் பலமுறை என்னிடம் கேட்கிறார்கள், நன்றாகப் படித்தவர்களும்தான். தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டே தமிழில் சொல்லுங்கள். உங்களுக்கு எந்த மொழியில் கதை தடையில்லாமல் வருகிறதோ, அந்த மொழியில்தான் பிள்ளை உங்கள் முகத்தை விட்டுக் கண் எடுக்காமல் கேட்கும். எங்கள் அலமாரியில் ஸ்பானிஷ் இருக்கிறது, போர்ச்சுகீஸ் இருக்கிறது, ஹெய்ட்டி கிரியோல் இருக்கிறது, வியட்நாமியம் இருக்கிறது. தமிழ் இல்லை. யாரும் கேட்காததுதான் காரணம். அடுத்த முறை பிள்ளையைக் கூட்டிப் போகும்போது உங்கள் மருத்துவரிடம் இரு மொழிப் புத்தகம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் மறந்துபோகும். பத்துப் பேர் கேட்டால் ஆர்டர் போடும் நர்ஸுக்கு நினைவிருக்கும்.

பட்ஜெட் விஷயத்துக்கு நேரம் முக்கியம். கவர்னர் ஜனவரியில் தன் திட்டத்தை வைப்பார். ஏப்ரலில் கீழவை, மே மாதம் செனட். ஜூலை 1-ஆம் தேதி புது நிதியாண்டு. கீழவை உறுப்பினர்கள் திருத்தம் கொடுக்கும் ஏப்ரலுக்கு முன்னால், இந்த ஒதுக்கீட்டைக் கேட்டு நீங்கள் எழுதும் கடிதம் உங்கள் தொகுதி உறுப்பினருக்குப் போய்ச் சேர வேண்டும். குடியுரிமை இல்லாதவர்களும் எழுதலாம், தயங்க வேண்டாம். அவர் தொகுதியில் குடியிருக்கிறீர்கள், அது போதும். நீளமாக வேண்டாம். 3000-7070 என்ற எண்ணைப் போட்டு, உங்கள் பிள்ளையின் வயதைப் போட்டு, ஆஸ்பத்திரியில் வாங்கி வந்த முதல் புத்தகம் எது என்று ஒரு வரி எழுதுங்கள்.

பின்வாசல் பக்கம், காபி டிகாக்‌ஷன் பக்கத்து மேசையில், எந்த ஊருக்கு யார் உறுப்பினர் என்ற பட்டியலும் கார்டுகளும் வைத்திருக்கிறேன். பேனா ஆறுதான் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள், இப்போதே உட்கார்ந்து எழுதிவிடலாம்.